அரியலூர் டைனோசர் பற்றி ஓர் உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இப்போது மூச்செல்லாம் டைனோசர்தான். நம் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டிலும் ஒரு ராட்சதப் பிராணியின் எலும்புகள் கிடைத்தன, 1987-ல் அதற்கு 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள் என்று சொன்னேன். முதலில் அதை ஊனுண்ணி என்று நினைத்தார்கள், அப்புறம் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாகத்தான் இருக்கும் என்றார்கள். அந்த எலும்புகள் பிறகு நொறுங்கிப் போய்விட்டன என்றதும் அவள் அழுதேவிட்டாள். "எலும்பே இல்லையென்றால் எவ்வளவு பெரிசு என்று எப்படிப்பா தெரியும்?" என்று கேட்கிறாள். அந்த எலும்புகளைப் பற்றி அப்போது பதிவான படத்தையும் அளவுகளையும் வைத்து எப்படிக் கணிக்கிறார்கள் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. நல்ல கேள்வி, அதை வீணாக்க மனமில்லை.

பள்ளி விடுமுறையில் எழும்பூரில் ரயிலேறி அரியலூருக்கும், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊருக்கும் அழைத்துப்போக ஆசை. ஒரு காலத்தில் கடலாக இருந்த மண்ணில் அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரியின் சுருள் புதைபடிவங்களை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். எதையும் பெயர்த்து எடுத்துவர மாட்டோம்.

நிலவியல் படித்தவர்கள் யாராவது ஒரு அரை மணி நேரம் அவளோடு பேசுவீர்களா? அங்கே வழிகாட்டத் தெரிந்தவர் இருந்தாலும் சொல்லுங்கள். வெயிலுக்கு எந்த மாதம் தோது? தமிழில் நல்ல புத்தகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.