ரீஃப் டேங்க்ல இன்னும் எத்தனை மீன் விடலாம்? கொஞ்சம் அவசரம்

நீலத்திரை:
வணக்கம். ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி) வச்சிருக்கேன். இப்போ நாலு மீன் இருக்கு, எல்லாம் நல்லா சாப்பிடுது. இன்னும் அஞ்சு மீன் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், நாளைக்குள்ள உறுதி சொல்லணும். ஒரு கேலன் தண்ணிக்கு ஒரு அங்குல மீன்ங்கிற கணக்குப்படி பார்த்தா நிறைய இடம் மிச்சம் இருக்கு. ஆனா கழிவுல இருந்து சேர்ற நைட்ரேட் லிட்டருக்கு 25 மி.கிராம்லயே நிக்குது, இறங்கவே மாட்டேங்குது. விடலாமா வேண்டாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

உவர்நீர்:
எத்தனை லிட்டர்? நீளம் அகலம் என்ன? இருக்கிற நாலு எது, வரப்போற அஞ்சு எது? இது தெரியாம யாராலும் பதில் சொல்ல முடியாது நண்பரே.

பாறைக்காரன்:
கூடவே டேங்க் வயசு, சம்ப் (கீழ வைக்கிற துணைத் தொட்டி) இருக்கா, ஸ்கிம்மர் (நுரை எழுப்பி கழிவை எடுக்கிற கருவி) இருக்கா, லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கிற பாறை) எவ்வளவு, வாரம் எவ்வளவு தண்ணி மாத்துறீங்க? என்ன பவளம்?

பழைய மாலுமி:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்து, விளக்கமாகப் பதிலும் சொல்லியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். அங்குலக் கணக்கு சின்ன நன்னீர் மீன்களுக்கே தோராயமானது. கடல் மீனுக்கு அதை எடுத்துக்கொண்டு வருவதே தவறு. 10 செ.மீ. மீன் 5 செ.மீ. மீனைப் போல இரண்டு மடங்கு அல்ல. அதே உடல்வாகு என்றால் எடையில் எட்டு மடங்கு. தின்பதும் கழிப்பதும் நீளத்தைப் பார்த்து நடப்பதில்லை. இந்த அடிப்படை தெரியாமல் ரீஃப் தொடங்கவே கூடாது.

நீலத்திரை:
தேடினேன் சார், ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க, அதான் கேட்டேன். விவரம்: 90x45x45 செ.மீ., கீழ சின்ன சம்ப். அஞ்சு மாசம் ஆச்சு. ஆசெல்லாரிஸ் கிளவுன் ஜோடி, ராயல் கிராமா ஒண்ணு, ஃபயர்ஃபிஷ் ஒண்ணு. வரப்போறது: குட்டி நீல டாங் (விரல் நீளம்தான்), பச்சை குரோமிஸ் மூணு, சிக்ஸ் லைன் ராஸ் ஒண்ணு. சாஃப்ட் கோரல், கொஞ்சம் எல்பிஎஸ் (பெரிய பாலிப் இருக்கிற கல் பவளம்). வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்துறேன். 500 லிட்டர் வரைக்கும் போதும்னு போட்ட ஸ்கிம்மர் இருக்கு. காலையில லைட் எரியறதுக்கு முன்னாடி எல்லா மீனும் மேல வந்து நிக்கும், பசிதான் போல, சாப்பாடு போட்டா இறங்கிடும். வேற பிரச்சினை எதுவும் இல்ல.

உவர்நீர்:
நன்றி, இப்போ பேசலாம். வெளி அளவுப்படி 182 லிட்டர். பாறை, மணல், மேல விட்ட இடம் கழிச்சு சம்ப் தண்ணியைச் சேர்த்தா 150, 160 வரும்.

முதல்ல நைட்ரேட். 10 சதவீதம் தண்ணி மாத்தினா 25ல 2.5 குறையும். ஆனாலும் அங்கேயே நிக்குதுன்னா, அடுத்த வாரத்துக்குள்ள அதே 2.5 திரும்ப ஏறிடுதுன்னு அர்த்தம். வரவும் செலவும் சமம், அதான் அசையல. இப்போ மீனை ரெண்டு மடங்கு ஆக்கினா தீனியும் ரெண்டு மடங்கு ஆகும். பாறைக்குள்ள நைட்ரேட்டைத் தின்னுற பாக்டீரியா உடனே அதே அளவு கூடாது. அதனால வாராந்திர ஏற்றம் 5ஐத் தாண்டும், புது எண்ணிக்கை 50க்கு மேல போய்த்தான் நிக்கும்.

தீனிக் கணக்கையும் ஒருதரம் போட்டுப் பாருங்க. 1 கிராம் உலர் தீனி, அதுல 45 சதவீதம் புரதம்னு வைங்க. புரதத்துல ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். அதாவது 0.072 கிராம். அது முழுக்க நைட்ரேட்டா மாறினா 0.32 கிராம். 150 லிட்டர்ல கரைச்சா லிட்டருக்கு 2 மி.கிராமுக்கு மேல. மீன் உடம்புல சேர்றது, ஸ்கிம்மர் வெளிய தள்றது, பவளம் எடுத்துக்கிறது எல்லாம் கழியும், ஆனாலும் ஒரு கிராமுக்கு உச்சவரம்பு இது. டேங்க் தாங்குமான்னு கேட்டா நான் முதல்ல பார்க்கிறது தீனியைத்தான்.

பாறைக்காரன்:
நான் கொஞ்சம் மாறுபடுறேன். சாஃப்ட் கோரலுக்கும் எல்பிஎஸ்ஸுக்கும் 25 ஒண்ணும் ஆபத்து இல்ல. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சைபர் ஆனா டைனோ (ஒருவகை நுண்ணுயிர்ப் பாசி) வந்து மணல் பழுப்பாகலாம். பாஸ்பேட் எவ்வளவு? மீட்டர் பாஸ்பரஸை பிபிபி-ல (நூறு கோடியில ஒரு பங்கு) காட்டினா 3.066ஆல பெருக்கி 1000ஆல வகுத்து, பாஸ்பேட் லிட்டருக்கு எத்தனை மி.கிராம்னு சொல்லுங்க, நிறைய பேர் இதை விட்டுட்டு குழம்புறாங்க. சம்ப்ல கீட்டோ (ஒரு கடற்பாசி) வளர்த்து ஒரு லைட் போட்டா நைட்ரேட் தானா இறங்கும்.

பழைய மாலுமி:
கீட்டோவைப் பற்றிப் பிறகு பேசலாம். நீல டாங் முழு வளர்ச்சியில் 30 செ.மீ. தொட்டியின் அகலமே 45. விரல் நீளத்தில் வாங்குகிறவர் எவரும் அது வளரும் என்று நினைப்பதில்லை. இதற்கு விவாதமே தேவையில்லை.

டாங்பிரியன்:
எல்லாரும் டாங்னாலே கதவைச் சாத்திடுறீங்க. இயற்கையிலயே குட்டி நீல டாங் கிளைப் பவளத்துக்குள்ள கூட்டமா ஒண்டிக்கிட்டுத்தான் வளருது. குட்டியா வச்சிருந்து, வளர்ந்ததும் பெரிய டேங்க் வச்சிருக்கவங்களுக்குக் கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்றேன்.

பழைய மாலுமி:
கொடுக்கலாம் என்பதை வாங்கும்போது எல்லோரும் சொல்கிறார்கள். பாறை இடுக்கில் உறங்கும் மீனைப் பாறையைக் கலைக்காமல் பிடித்துக் காட்டுங்கள். பவளம் ஒட்டி வளர்ந்த பாறை அது.

டாங்பிரியன்:
பொறி வச்சுப் பிடிக்கலாம் ஐயா. பண்ணையில பொரிச்ச குட்டி கிடைச்சா மனசும் உறுத்தாது. 2015ல ஹவாயில் மஞ்சள் டாங்கை வளர்த்தெடுத்தாங்க, 2016ல ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துல நீல டாங்கையும். கடல்ல இருந்து பிடிச்சதாத்தான் இருக்கணும்னு இல்ல.

பழைய மாலுமி:
பண்ணையில் பிறந்தாலும் அதே 30 செ.மீ. தான். எங்கே பிறந்தது என்பது நீந்தும் இடத்தை அகலமாக்காது.

டாங்பிரியன்:
அப்போ 3 அடி டேங்க் வச்சிருக்கவங்க யாருமே டாங் பத்தி யோசிக்கக் கூடாதா?

பழைய மாலுமி:
கூடாது.

செவுள்:
ரெண்டு பேரும் டாங்கை விடுங்க. காலையில எல்லா மீனும் மேல வந்து நிக்குதுன்னு எழுதியிருக்காரே, அதை யாரும் படிக்கலையா? அது வெல்வெட்டா (ஒட்டுண்ணியால வர்ற மீன் நோய்) இருக்கலாம். செவுள் வேகமா அடிக்குதா? பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்தா உடம்புல தங்கத் தூசி மாதிரி தெரியுதா? புது மீனைத் தனி டேங்க்ல நாலு வாரமாவது வச்சுக் கவனிச்சீங்களா? இது தெளிவாகிற வரைக்கும் ஒரு மீனும் வாங்காதீங்க.

உவர்நீர்:
நல்லாக் கவனிச்சீங்க செவுள், என் கண்ணுல இது படாமப் போச்சு. ஆனா நாலு மீனும் ஒண்ணா, விடியறதுக்கு முன்னாடி மட்டும் மேல வருதுன்னா எனக்கு ஆக்சிஜன் மேலதான் சந்தேகம். ஒரே வெப்பத்துல நன்னீரைவிடக் கடல்நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாத்தான் ஆக்சிஜன் பிடிக்கும். லைட் அணைஞ்ச பிறகு பவளம், பாசி, பாக்டீரியா, மீன் எல்லாமே இழுக்கும், தயாரிக்க யாரும் இல்ல. விடியற்காலையில அளவு அடிமட்டத்துக்குப் போகும், பிஹெச்சும் அப்பத்தான் குறைவா இருக்கும். நாலு மீனுக்கே அப்படின்னா ஒன்பதுக்கு என்ன ஆகும்?

நீலத்திரை, ராத்திரி என்னென்ன ஓடுது? மேல மூடி என்ன மூடி?

நீலத்திரை:
கண்ணாடி மூடி. ஃபயர்ஃபிஷ் குதிக்கும்னு சொன்னாங்க. ஸ்கிம்மர் சத்தம் தூங்க விடல, அதனால ராத்திரி டைமர்ல ஆஃப். வேவ்மேக்கரும் (தண்ணியை அலைய வைக்கிற பம்ப்) ராத்திரி குறைச்சு வச்சிருக்கேன். செவுள் பகல்ல வேகமா அடிக்கல, தூசியும் தெரியல.

உவர்நீர்:
காரணம் இதுதான்னு நினைக்கிறேன். உங்க டேங்குக்குள்ள காத்தைக் கலக்குற முக்கியமான கருவி ஸ்கிம்மர். அது ரொம்பத் தேவைப்படுற நேரத்துல அணைஞ்சு கிடக்கு. ராத்திரியும் ஓடட்டும். சத்தத்துக்கு சம்ப் அடியில ரப்பர் பாய், காத்துக் குழாயில சைலன்சர் போடுங்க. கண்ணாடியை எடுத்துட்டு வலை மூடி போடுங்க, குதிச்சாலும் வெளிய விழாது. ஒரு வேவ்மேக்கரை மேல் நோக்கித் திருப்பி தண்ணியோட மேல்பரப்பு நல்லா நெளியற மாதிரி வைங்க. ரெண்டு மூணு ராத்திரி பாருங்க. அப்பவும் மேல வந்து நின்னா, இல்ல பகல்லயும் மூச்சு வாங்கினா, செவுள் சொன்னதை உடனே எடுத்துக்கணும்.

எண்ணிக்கைக்கு என் கருத்து: டாங் வேண்டாம். குரோமிஸ் மூணு விட்டா ஒண்ணை ஒண்ணு துரத்தி கடைசியில ஒண்ணுதான் மிஞ்சும், நிறைய டேங்க்ல பார்த்தாச்சு. சிக்ஸ் லைன் ராஸ் கடைசியா விட வேண்டிய மீன், அதுவும் ஃபயர்ஃபிஷ்ஷை நிம்மதியா வெளிய வர விடாது. கிராமா தன் குகைக்கு யாரையும் சேர்க்காது. மிச்சம் இருக்கிறது மணல் தரை மட்டும்தான். அங்க ஒரு யெல்லோ வாட்ச்மேன் கோபி, கூட ஒரு பிஸ்டல் இறால். இறால் வளை தோண்டும், கோபி வாசல்ல காவல் இருக்கும், இறாலோட உணர்கொம்பு எப்பவும் மீன் மேல பட்டுக்கிட்டே இருக்கும். அஞ்சு மீனோட நிறுத்திட்டு சில மாசம் நைட்ரேட்டைப் பாருங்க.

பழைய மாலுமி:
இதற்கு நானும் உடன்படுகிறேன். வாங்கும் நாளன்று டேங்க் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எண்ணக் கூடாது. கரண்ட் போய் எல்லாம் நின்ற இரவில் எத்தனை மீன் விடியும்வரை தாங்கும் என்று எண்ண வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று அவசியம் வைத்திருங்கள்.

பாறைக்காரன்:
கீட்டோ பத்தி நான் சொன்னதும் இங்க உதவும். டேங்க் லைட் அணைஞ்சிருக்கிற நேரத்துல சம்ப் லைட் எரியற மாதிரி வச்சா ராத்திரியும் ஆக்சிஜன் கொஞ்சம் வரும், பிஹெச்சும் ரொம்ப இறங்காது. பாஸ்பேட் இன்னும் சொல்லலையே?

நீலத்திரை:
ஸ்கிம்மர் ராத்திரியும் ஓடுது, கண்ணாடியைத் தூக்கிட்டேன், வலை போட்டாச்சு. இப்போ காலையில மீன் மேல வரல, கிளவுன் மீன் அனிமோன் (கடற்சாமந்தி) பக்கத்துலயே தூங்குது. அஞ்சையும் வேண்டாம்னு சொல்லிட்டேன். கோபி பத்தி யோசிக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

செவுள்:
அனிமோனா? அஞ்சு மாச டேங்க்லயா? அதைப் பட்டியல்ல சொல்லவே இல்லையே. என்ன வகை, பாதம் பாறையில நல்லா ஒட்டியிருக்கா, இடம் மாறிக்கிட்டே இருக்கா? வேவ்மேக்கரைத் திருப்பும்போது கவனம், அதுக்கு வலைக் கூண்டு போட்டிருக்கீங்களா?

பாறைக்காரன்:
பாஸ்பேட்டும் சொல்லுங்க.