புது ஆன்டிபயாடிக் எழுதும்போது பழைய மாத்திரைகளைக் கேட்டார்களா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருச்சியிலிருந்து, தொடங்கி வைப்பவர்

அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கப் பல ஆண்டுகளாக அசிட்ரோம் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு (கூடினால் ரத்தக்கசிவு ஆபத்து) 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் ஒழுங்காக நின்றது. அண்மையில் ஈறு வீங்கிப் பல் மருத்துவரிடம் போனார். அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் எழுதிக் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பல்வலிக்கு வந்த இடத்தில் இதய மாத்திரையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று அம்மாவும் இருந்துவிட்டார்.

சில நாட்களில் அடிபடாமலே கையெல்லாம் நீலம் பாரித்தது. பல் துலக்கினால் ரத்தம் நிற்கவில்லை. பரிசோதித்தபோது ஐஎன்ஆர் 7-ஐத் தாண்டியிருந்தது. இதய மருத்துவர் சீட்டைப் பார்த்ததும் மெட்ரோனிடசோல் என்ற பெயரின்மேல் விரலை வைத்தார். அசிட்ரோமைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதை அது தடுக்கிறது. அதனால் வழக்கமான அளவே அதிக அளவு போல வேலை செய்கிறது. கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளோடும் இதே ஆபத்து உண்டு என்றார். அவற்றைக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், தொடங்கி மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் ஐஎன்ஆர் பார்த்து அளவை மாற்றுவார்களாம். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேனியிலிருந்து ஒரு மருந்தாளுநர்

உங்கள் கோபம் நியாயமானது. எங்கள் கடையில் மாதந்தோறும் மூச்சிரைப்புக்கு டெரிஃபிலின் மாத்திரை வாங்கும் பெரியவர் ஒருவர், சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சீட்டோடு வந்தார். டெரிஃபிலினில் உள்ள தியோஃபிலின் ரத்தத்தில் ஏறுவதற்கு சிப்ரோஃப்ளாக்சசின் வழி செய்யும். வாந்தி, படபடப்பு, கை நடுக்கம், மிஞ்சினால் வலிப்பு. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். உடனே வேறு மருந்து சொன்னார், நன்றியும் சொன்னார். அந்தப் பெரியவர் வேறு கடைக்குப் போயிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் போன்ற, விற்பனையில் தனிக் கட்டுப்பாடுள்ள எச்1 பட்டியல் மருந்துகளை விற்றால் நோயாளியின் பெயரையும் எழுதிய மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் ஏற்றி 3 ஆண்டுகள் வைத்திருக்கிறோம். அந்த நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகளை எழுத அதில் இடமே இல்லை.

கரூரிலிருந்து

அப்பா சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். நெஞ்சுச் சளிக்கு கிளாரித்ரோமைசின் கொடுத்தார்கள். மறுநாள் மாலை வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. சர்க்கரை 50-க்குக் கீழே. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அந்த இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை இப்படித் தாழும் என்பது அங்கேதான் தெரிந்தது.

சேலத்திலிருந்து

என் மகளுக்கு முகப்பருவுக்காக டாக்சிசைக்ளின் எழுதியிருக்கிறார்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறாள். இரண்டையும் காலை உணவுக்குப் பின் சேர்த்துக் கொடுக்கலாமா?

தேனி மருந்தாளுநர்

சேர்த்துக் கொடுக்காதீர்கள் அம்மா. இரும்பு, கால்சியம், ஜெலுசில் போன்ற அமில நீக்கிகள் எல்லாம் வயிற்றில் டாக்சிசைக்ளினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மருந்து உடம்பில் சேராது. காலையில் டாக்சிசைக்ளின், இரவில் இரும்பு என்று பிரித்துவிடுங்கள். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகும். சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் இந்தச் சத்து மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் சேர்த்துக் கொடுப்பதில் தடையில்லை.

மதுரையிலிருந்து, காசநோய்ப் பிரிவில் பணியாற்றிய செவிலியர்

பெண்கள் தயங்கிக் கேட்காமலே விடுகிற ஒன்றைச் சொல்கிறேன். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மருந்து முடிந்த பிறகும் 4 வாரம் வரை அந்தப் பாதிப்பு நீடிக்கலாம். அமாக்சிசிலின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் அப்படிச் செய்வதில்லை; அவற்றுக்காகப் பயந்து கருத்தடை மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரிஃபாம்பிசின் தொடங்கும் நாளிலேயே, கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பற்றி நான் பேசிவிடுவேன், கணவர் உடன் இருந்தாலும் சரி, மாமியார் இருந்தாலும் சரி.