டெவில்ஸ் லேக் சுற்றுப்பாதை: நடந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பராபூ ஊரை ஒட்டிய டெவில்ஸ் லேக் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். வடகரையில் தொடங்கி, கிழக்குக் குன்றில் ஏறி, பேலன்ஸ்டு ராக் என்கிற, விழாமல் நிற்கும் பாறைப் பக்கம் இறங்கி, மேற்குக் கரையோரமாகத் திரும்பினேன். தூரம் பெரிதில்லை. 500 அடி ஏற்றத்தில்தான் மூச்சு வாங்குகிறது.

உச்சியில் நின்று ஏரியைப் படம் எடுக்கத்தான் கூட்டம். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது காலடியில் கிடக்கிறது. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அந்தப் பாறை குவார்ட்சைட். சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத நீரில் படிந்த மணல், புதைந்து சூடேறி இறுகிப்போனது. மேற்குக் குன்றடியில் சரிந்து கிடக்கும் பாறைகளுக்கு நடுவே டம்பிள்டு ராக்ஸ் பாதை போகிறது. அங்கே மாணவர்களைக் கூட்டி வந்திருந்த ஓர் ஆசிரியர் ஒரு பலகைக்கல்லைக் காட்டி, "தடவிப் பாருங்கள், அலை போட்ட வரி" என்றார். விரல் ஒவ்வொரு வரியிலும் ஏறி இறங்கியது. தரையில் மரம் செடி எதுவும் முளைக்காத காலத்து அலை!

ஏரி அதோடு ஒப்பிட்டால் நேற்று வந்தது. கடைசிப் பனியுகத்தில் பனியாறு கல்லையும் மண்ணையும் கொட்டிப் பள்ளத்தாக்கின் இரு வாயையும் அடைத்துவிட, நடுவில் தேங்கிய தண்ணீர்தான் இது.

---

பேலன்ஸ்டு ராக் படிகளில் இறங்கினீர்களா? அடுத்த முறை தென்கரையிலிருந்து ஏறுங்கள், முழங்கால் பிழைக்கும். கால் பட்டுப் பட்டு வழவழத்த கல், மழை பெய்தால் நம்பவே முடியாது. நாங்கள் ஏறும்போது எதிரே ஒரு பெரியவர், ஊன்றுகோல் இரண்டையும் மடக்கிப் பையில் செருகிவிட்டு, படிக்குப் படி உட்கார்ந்தே இறங்கினார். கோல் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிறதாம். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி, "ஏறுகிறவர்களுக்குத்தான் முதல் வழி" என்றார். இந்த மரியாதை தெரியாமல் மேலிருந்து தடதடவென்று ஓடி வருகிறவர்கள்தான் அதிகம்.

---

கிழக்குக் குன்றில் பாட்ஹோல்ஸ் பாதையை விட்டுவிட்டீர்களே! பாறையில் உரல்குழி மாதிரி வழவழப்பான குழிகள். நீர்ச்சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் அரைத்தரைத்துக் குடைந்தவை. இப்போது அங்கே ஓடை எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

மேலே உட்கார்ந்திருந்தபோது பிணந்தின்னிக் கழுகு ஒன்று எங்களுக்குக் கீழே வட்டமடித்தது. பறக்கிற பறவையின் முதுகைப் பார்ப்பது புது அனுபவம். அடிவாரத்தில் கரையை ஒட்டிச் சரக்கு ரயில் போகும், சத்தம் உச்சிவரை கேட்கும்.

வார இறுதியென்றால் காலையிலேயே போய்விடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கோடையில் போகிறவர்கள் வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். கூட வந்த நண்பருக்குக் காலுறைக்குள்ளேயே ஒன்று இருந்தது.