நூல் மில் பங்கும் நீராவிப் படகும்

*தாத்தா வீடு (குழு)*

சிவா சித்தப்பா: ரைட்ஸ் இஷ்யூவில் (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குத் தரும் புதுப் பங்கு) மில் பங்கு வாங்கினேனே, 200 பங்கு, ஒன்று 120 ரூபாய். 40 கட்டியாயிற்று. மீதி 80-ஐக் கட்டச் சொல்லி ‘கால்’ (call) நோட்டீஸ் வந்திருக்கிறது. மொத்தம் 16,000. இதற்கு நடுவில் மெமோராண்டத்தை, அதாவது கம்பெனி என்ன தொழில் செய்யும் என்று சொல்லும் சாசனத்தை, மாற்றி ரிசார்ட் கட்டப் போகிறார்களாம். நூல் மில்லுக்குத்தான் பணம் போட்டேன். கட்ட மாட்டேன்.

சரோஜா பெரியம்மா: நமக்கு ரூம் இலவசமா என்று கேள்

சிவா சித்தப்பா: *ஃபார்வர்டு செய்யப்பட்டது*
கம்பெனி தொழிலை மாற்றினால் பங்குதாரர் மீதிப் பணம் கட்டத் தேவையில்லை!! நீதிமன்றம் அதிரடி!! அனைவருக்கும் பகிரவும்

நிவேதா: சித்தப்பா, அப்படி ஒரு தீர்ப்பு உண்மையிலேயே உண்டு. ஆனால் நியூயார்க்கில், 1843-இல் 😄

சிவா சித்தப்பா: தீர்ப்பு தீர்ப்புதானே?

நிவேதா: ஹார்ட்ஃபோர்ட் - நியூ ஹேவன் ரயில் கம்பெனி. க்ராஸ்வெல் என்பவர் ரயிலுக்கென்று பங்குக்குக் கையெழுத்துப் போட்டார். பிறகு சாசனத்தைத் திருத்தி நீராவிப் படகும் விடலாம் என்றார்கள். ‘நான் ஒப்புக்கொண்டது ரயிலுக்கு, படகுக்கு இல்லை’ என்றார். பணம் கட்ட வேண்டாம் என்று கோர்ட் அவரை விடுவித்தது. அதற்கும் முன்னால், 1811-இல், மாசசூசெட்ஸில் சுங்கச் சாலை கம்பெனி சாலையின் தடத்தை மாற்றியதற்கே ஒருவர் பங்குப் பணம் கட்டாமல் தப்பித்தார்.

சிவா சித்தப்பா: என் கட்சிதான்!

நிவேதா: அப்போது சாசனம் என்பது கல்லில் செதுக்கிய ஒப்பந்தம் மாதிரி. பிறகு அங்கேயே ‘திருத்தும் உரிமை உண்டு’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பது வழக்கமாயிற்று. நம் 2013 கம்பெனிகள் சட்டத்தில் 13-ஆம் பிரிவே அதுதான். போட்ட ஓட்டில் முக்கால் பங்கு ஆதரவு இருந்தால் நோக்கத்தை மாற்றலாம். நீங்கள் வாங்கியது அந்த விதியோடு சேர்ந்த பங்கு.

சிவா சித்தப்பா: என்னை யாரும் கேட்கவில்லையே

நிவேதா: போஸ்டல் பேலட், அதாவது கூட்டத்துக்குப் போகாமலே ஓட்டுப் போடச் சொல்லும் மெயில் வந்திருக்கும், தேடுங்கள்

கார்த்தி: எதிர்த்து ஓட்டுப் போட்டால் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறலாம் என்று படித்தேனே?

நிவேதா: அது ப்ராஸ்பெக்டஸ் (பொதுமக்களுக்கான பங்கு வெளியீட்டு அறிக்கை) போட்டு மக்களிடம் திரட்டிய பணம் செலவாகாமல் மிச்சம் இருந்தால். ரைட்ஸ் இஷ்யூவுக்கு லெட்டர் ஆஃப் ஆஃபர்தான், அது இருக்கும் பங்குதாரர்களுக்குப் போவது. அதுவும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்க வேண்டும்.

சிவா சித்தப்பா: மெயில் இருக்கிறது. ப்ரமோஷன்ஸ் டேபில், சட்டை விளம்பரத்துக்குக் கீழே.

சரோஜா பெரியம்மா: 😂😂

சிவா சித்தப்பா: கட்டாவிட்டால் என்ன ஆகும்?

நிவேதா: முதலில் வட்டி. அப்புறம் குறைந்தது 14 நாள் கெடு வைத்து நோட்டீஸ். அதற்கும் கட்டாவிட்டால் பங்கைப் பறித்துவிடுவார்கள். கட்டிய 8,000 திரும்பாது. கொடுமை என்னவென்றால், பங்கு போன பிறகும் பாக்கி உங்கள் தலையில்தான் நிற்கும், பெரும்பாலான கம்பெனிகளின் ஆர்ட்டிகிள்ஸில் (உள் விதிகள்) அப்படித்தான் எழுதியிருக்கும். ஒரே ஆறுதல், பங்குக்கு அந்த 80-க்கும் தாமத வட்டிக்கும் மேல் ஒரு ரூபாய்கூட அவர்களால் கேட்க முடியாது, பத்து ரிசார்ட் கட்டி பத்தும் மூழ்கினாலும்.

சிவா சித்தப்பா: விற்றுவிட்டால்?

நிவேதா: கால் வந்ததும் அந்தப் பங்கின் வர்த்தகத்தை நிறுத்தியிருப்பார்கள். கட்டிவிட்டு, முழுப் பங்காக மாறியதும் விற்கலாம். கடைசித் தேதி என்ன?

சிவா சித்தப்பா: 28. கண்ணாடியைக் காணோம், நோட்டீஸை போட்டோ எடுத்துப் போடுகிறேன். எந்த அக்கவுண்டுக்கு என்று பார்த்துச் சொல்.