புதுப்பிப்பு: நீண்ட நாள் உழைக்கும் ரோடு பைக் (சாலை சைக்கிள்) டயர்

பின் டயர் சீக்கிரம் தேய்கிறது, அடிக்கடி பஞ்சர் ஆகிறது, உழைக்கிற டயர் எது என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் வாங்கிவிட்டேன், 28 மி.மீ. அகலம். இதுவரை ஒரு பஞ்சர்கூட இல்லை. பழைய 23 மி.மீ. டயரைவிடக் குறைந்த காற்றழுத்தமே போதும். அதிர்வு குறைந்து கைகளுக்கு எவ்வளவு நிம்மதி! ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பிரேக்கிலும் அந்த அகலம் நுழைய இடமிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் என்ற இன்னொரு டயரில் பஞ்சரைத் தடுக்க 5 மி.மீ. ரப்பர் அடுக்கே உண்டு. ஆனால் எடை அதிகம், மனம் ஒப்பவில்லை.

அப்புறம், பின் டயர்தான் அதிக பாரம் தாங்கி, மிதிக்கும் விசையையும் வாங்கி முதலில் தேயும். தேய்ந்ததும் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுவேன். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது மிகக் கடினம்.