பொடியன் என்ற ஒரு சொல்

எனக்குத் தங்கச்சிமடம். அம்மாவின் தம்பி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் சிப்பாயாக இருந்தார். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே நம் அமைதிப்படை அங்கே இறங்கத் தொடங்கியது. மாமா கொஞ்ச நாள் கழித்துப் போனார். "சண்டைக்கு இல்லக்கா, ஆயுதத்த வாங்கி வைக்கத்தான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருக்குச் சொல்லி அனுப்பியதும் அவ்வளவுதான். ஆயுதத்தைத் தர வேண்டிய புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அக்டோபரில் அவர்களோடேயே சண்டை மூண்டது.

மாமா அடிக்கடி சொல்வது ஒரு சோதனைச்சாவடிச் சம்பவம். அவர் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒரு தாய் ஓடிவந்து, "அவன் என்ர பொடியன், விடுங்கோ" என்று கும்பிட்டிருக்கிறார். ஹவில்தாருக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் 'பொடியள்' ஒன்று. அப்படியென்றால் புலிகள் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தாயே ஒப்புக்கொண்டதாக நினைத்துப் பையனைச் சுவரோரம் நிறுத்திவிட்டார். மாமா குறுக்கே போய், "சாப், மகனைச் சொல்றாங்க, எங்க ஊர்லயும் பொடியன்னா சின்னப் பையன்தான்" என்று இந்தியில் கெஞ்சியதும்தான் விட்டார்கள். "அன்னைக்கு நான் லீவுல இருந்திருந்தா?" என்று இன்றும் கேட்பார்.

1990 மார்ச்சில் கடைசிப் படையும் திரும்பியது. ஜூனில் அங்கே மறுபடி போர். மண்டபம் அகதிகள் முகாம் நிறைந்தது. அரிசி கொடுக்கப் போனபோது மாமாவும் வந்தார். சுளகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி அவருடைய முடிவெட்டைப் பார்த்தே கேட்டுவிட்டார்: "தம்பி, நீங்களும் அங்கை வந்தனீங்களோ?"

"ஆமாம்மா."

"முதல் வந்த ஆமிக்கு நான் மாலை போட்டனான்." கை சுளகிலேயே இருந்தது. "தீபாவளியண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை டொக்டர்மாரையும் நேர்ஸ்மாரையும் சுட்டவை. அதுக்குப் பிறகு ஆமியைக் கண்டால் கதவைப் பூட்டிப்போடுவம்."

மாமா பதில் சொல்லவில்லை. அரிசிச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். பக்கத்து ஊர், நம் மொழி, நம்மைத் தெரியும் என்ற நினைப்பில் அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரும் சம்மதிக்காத இடத்துக்கு அமைதி காக்க ஆள் அனுப்பினால், போனவனும் ஒரு கட்சியாகிவிடுகிறான். நம் சிப்பாய்களில் ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. அங்கே செத்த சனத்துக்கு நம் பக்கம் ஒழுங்கான கணக்குக்கூட இல்லை.

---

அண்ணே, எனக்குப் பரமக்குடி. எங்கப்பாவும் அந்தப் படையில் இருந்தவர்தான். சென்னையில் வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு. ஆனால் அந்த ஆச்சி சொன்னதை வாசித்துக் காட்டியபோது, "அந்தம்மா சொல்றது நிசந்தான்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. உங்கள் மாமா எங்கே இருக்கிறார் அண்ணே? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.