பழைய காரில் கார்பெட் ஈரம்: ஹீட்டர் கோர் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மார்களே. 2009 மாடல் ஜப்பான் செடான், சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் கார்பெட் நனைந்துகொண்டே இருக்கிறது. மேலே தொட்டால் லேசான ஈரம்தான். ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அழுத்தினால் தண்ணீர் பொங்கி வருகிறது.

ஏர்கான் வடிகுழாயில் அடைப்பு இருந்தது, எடுத்தாகிவிட்டது. இப்போது வண்டிக்கு அடியில் ஒழுங்காகச் சொட்டுகிறது, ஆனாலும் ஈரம் நிற்கவில்லை. மழைத்தண்ணீரும் இல்லை, வண்டி நிற்பது பல மாடி கார்பார்க்கில்.

வெள்ளை டிஷ்யூவை வைத்து அழுத்தினால் இளம்பச்சை ஒட்டுகிறது. விரலில் பிசுபிசுப்பு, இனிப்பு வாடை. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மெல்ல இறங்குகிறது, முன்கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவியது போல மங்குகிறது. ஹீட்டர் கோர்தான், அதாவது ஹீட்டருக்காக டாஷ்போர்டுக்குள் சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்தான், ஒழுகுகிறது என்று சந்தேகம். நம் ஊரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள், அதற்குள் இந்தத் தொல்லை வேறு!

டாஷ்போர்டையே கழற்ற வேண்டுமாம். பாகத்தைவிடக் கூலிதான் பயமுறுத்துகிறது. இன்னொரு பட்டறைக்காரர், இன்ஜின் பக்கமே இரண்டு ஹீட்டர் ஹோஸையும் இணைத்து பைபாஸ் செய்துவிடலாம் என்கிறார். அப்படி ஓட்டுபவர்கள் யாராவது உண்டா? இன்ஜின் சூடேறும் பிரச்சினை ஏதும் வந்ததா? மலேசியாவில் குளிரான கேமரன் மலைக்குப் போனால் கண்ணாடிப் பனியை ஏர்கான் மட்டும் சமாளிக்குமா?

கோரைக் கழற்றும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஜோகூரில் மாற்றியவர்கள் இருந்தால் மொத்தம் எவ்வளவு ஆனது, எத்தனை நாள் வண்டியை விட வேண்டியிருந்தது என்றும் சொல்லுங்கள். அப்புறம், நனைந்த பஞ்சைக் காய வைக்க நல்ல வழி தெரிந்தாலும் சொல்லுங்கள், நாற்றம் தாங்கவில்லை.